31ஆம் நாள்

கிழக்கு லண்டன். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். செவ்வாய்க்கிழமை காலையில் இங்கே இலவச ஆலோசனை. ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரைகள் எப்போதோ நிரம்பிவிட்டன. எல்லார் கையிலும் கடிதம். சிலருடையது மடிப்புக் கலையாமல் இருக்கிறது. சிலருடையது திரும்பத் திரும்பப் படித்துப் பழந்துணிபோலத் துவண்டுவிட்டது. ஓர் இளைஞன் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்திருக்கிறான்.

கதவோரம் நிற்கும் மஞ்சள் ஒளிர்சட்டைக்காரரிடம் மட்டும் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு. காலணியில் சிமெண்டு காயவில்லை. முன்பு குடியிருந்த வீட்டுக்கு வாங்கிய வாடகை உதவியில், ஹவுசிங் பெனிஃபிட்டில், கூடுதலாகப் போய்விட்டதாம். இப்போது சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கோர்ட்டிலிருந்து ஒன்றுமே வரவில்லையே என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். வர வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டின் சட்டம் கவுன்சிலுக்குத் தந்த அதிகாரம் அது: நீதிமன்றப் படி ஏறாமல், முதலாளிக்கு எழுதினாலே போதும்.

நடு வரிசையில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சேலைக்கு மேல் கனத்த கோட். கைப்பையை இரண்டு கையாலும் மடியோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் பேத்தி.

"அம்மம்மா, காசை வெளியில எடுக்காதேங்கோ."

"கவுன்சில்காரன் கேக்கிறான். குடுத்துப்போட்டுப் போவம் பிள்ளை. கடனோட சாகேலாது."

"அது சீட்டெடுத்த காசெல்லோ?"

"பின்னை? அரசாங்கக் காசைத் திண்டனான் எண்டு சொல்லவோ?"

பேத்தி பதில் சொல்லவில்லை.

அவர்கள் முறை வருகிறது. மறைப்புத் தட்டி ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. நரைத்த முடி, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடி: ஆலோசகர் இரண்டு கடிதங்களையும் முழுதாகப் படிக்கிறார். பின்பக்கத்தையும். இந்த மண்டபத்தில் பின்பக்கம் படிக்கிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

முதல் கடிதம்: நீங்கள் 6 வாரம் நாட்டில் இல்லை, அந்த நாட்களுக்கான ஹவுசிங் பெனிஃபிட் 771 பவுணைத் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது: அதே நாட்களுக்குக் கவுன்சில் டாக்ஸில் கொடுத்த கழிவு ரத்து, புதிய பில் இணைக்கப்பட்டுள்ளது. ஒரே பயணம், ஒரே கவுன்சில். முறையீட்டுக்கு மட்டும் இரண்டு வாசல். முதலாவது போகும் தீர்ப்பாயம் வேறு. கவுன்சில் டாக்ஸ் கதை, முதலில் கவுன்சிலுக்கே எழுதி, இரண்டு மாதம் வரை காத்திருந்து, பிறகு வீட்டு மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆங்கிலத்தில் பிறந்தவர்களுக்கே இதில் வழி தவறும்.

கவுன்சிலுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆலோசகர் கேட்கிறார். அம்மா நிமிர்ந்து உட்காருகிறார். "நான்தான் சொன்னனான். வந்த அண்டைக்கே."

சொன்னவரின் கணக்கில்தான் தவறு ஏறியிருக்கிறது. 2016 ஜூலை 28 முதல் உள்ள விதி: பிரித்தானியாவை விட்டு 4 வாரத்துக்கு மேல் போகிறவருக்குப் பொதுவாக ஹவுசிங் பெனிஃபிட் கிடையாது. அதற்கு முன் 13 வாரம் வரை தாங்கியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூடுதலாகப் போன பணம் பெறுபவரின் தவறு என்று எழுதப்பட்டால், அதில் 40 சதவீதத்தை மத்திய அரசு கவுன்சிலுக்குத் தருகிறது. வசூலித்த பணமும் கவுன்சிலிடமே தங்கும். கவுன்சிலின் சொந்தத் தவறு ஓர் அளவைத் தாண்டினால் அதற்கான மானியம் குறையும், இல்லாமலும் போகும். யார் தவறு என்ற பெட்டியில் குறி போடுகிறவரும் அதே கவுன்சிலின் ஊழியர்தான். கள்ளம் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. தராசு யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஆலோசகர் பேனாவை மூடிவிட்டுக் கேட்கிறார்: ஏன் போனீர்கள்?

பேத்தி அதைத் தமிழில் கேட்க, அம்மாவின் குரல் இறங்குகிறது. "தங்கச்சி செத்துப்போனாள். எரிக்கிறதுக்குப் போய்ச்சேரேலாமப் போச்சு. அந்தியேட்டிக்கெண்டாலும் நிக்கத்தானே வேணும்."

அந்தியேட்டியை இங்கிலீஷில் சொல்லப் பேத்தி திணறுகிறாள். கடைசியில், செத்து 31ஆம் நாள் செய்கிற கிரியை என்கிறாள். ஆலோசகர் தாளில் 28 என்று எழுதுகிறார், அதற்குக் கீழே 31. சற்று நேரம் அந்த இரண்டு எண்களையும் பார்க்கிறார்.

பிறகு மெதுவாக விளக்குகிறார். அதே விதியில் விலக்கு உண்டு. நெருங்கிய உறவு இறந்து, 4 வாரத்துக்குள் திரும்பச் சொல்வது நியாயமில்லை என்று கவுன்சில் கருதினால் மேலும் 4 வாரம் வரை தரலாம். கூடப்பிறந்தவர் நெருங்கிய உறவில் சேர்த்தி. 8 வாரத்துக்குள் இந்த 6 வாரம் அடங்கிவிடும். படிவத்தில் போன திகதிக்கும் வந்த திகதிக்கும் கட்டம் இருந்திருக்கிறது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அப்ப பிழை எங்கட இல்லையோ?"

ஆலோசகர் வாக்குக் கொடுக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்கிறார். அம்மா கைப்பையைத் திறக்கிறார். பணத்துக்கு அடியில், பொலித்தீன் உறைக்குள், பிரதி இருக்கிறது.

அடுத்தது அந்த இளைஞன். உறை இப்போதுதான் பிரிகிறது: யுனிவர்சல் கிரெடிட் கடிதம். வேலை செய்யும் வயதினருக்கு ஹவுசிங் பெனிஃபிட்டின் இடத்தை 2013 முதல் படிப்படியாகப் பிடித்தது யுனிவர்சல் கிரெடிட். பழைய முறையில், தவறு அலுவலகத்தினுடையது, அது பெறுபவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. புதிய முறையில் அந்தக் காப்பு இல்லை. தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டே பணத்தைக் கேட்கலாம்; விட்டுவிடும்படி இவன் கெஞ்சலாம், உரிமையாகக் கேட்க முடியாது. ஏழை செய்த தவறுக்கும் அலுவலகம் செய்த தவறுக்கும் கட்டுகிறவன் ஒருவனே. இது அநியாயம்.

ஹவுசிங் பெனிஃபிட் வாங்குகிற உங்கள் பெற்றோருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், பணத்தைத் தேடுவதற்கு முன் அதில் போட்டிருக்கும் திகதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், எழுத்தில், கையெழுத்துப் போட்டு முறையிடலாம். தக்க காரணம் இருந்தால் பிந்திய முறையீட்டையும் 13 மாதம் வரை ஏற்க இடமுண்டு.