விசில் ஊதும் வாய்க்கு யார் காவல்?

முகமூடி என்றாலே கொள்ளைக்காரன்தான் நம் நினைவுக்கு வருவான். ஆனால் 2020-ல் முகமூடி போடாதவனைக் கண்டுதான் ஊரே பயந்தது! காலம் செய்த கோலம்!

கொரோனாவால் மார்ச்சில் நின்றுபோன சென்னை மாநகரப் பஸ்கள் செப்டம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி ஓடின. வீட்டில் உட்கார்ந்தே செய்யும் வேலை எங்கள் செம்பரம்பாக்கத்தில் எத்தனை பேருக்கு உண்டு? பூந்தமல்லிக் கடைக்கோ, இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிக்கோ பஸ் ஏறினால்தான் அடுப்பு எரியும். முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ஆனது. "ஒரு நாள் கூலியே போயிடும்டா" என்பார் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் என் அப்பா. அதனால் பலருக்கும் போலீஸைக் கண்டால் மாஸ்க் மூக்குக்கு ஏறும், தாண்டியதும் தாடைக்கு இறங்கும்!

அபராதத்துக்காகவா முகக்கவசம்? பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து எச்சில் துளிகள் தெறிக்கின்றன. புறப்படும்போது அவை பெரியவை, ஈரமானவை. பெரும்பாலானவற்றைத் துணியே பிடித்துவிடும். காற்றில் கலந்ததும் ஈரம் காய்ந்து, சுருங்கி, பஸ்ஸுக்குள் மிதக்கும். அப்புறம் பிடிப்பது கஷ்டம். ஏரிக்கரையில் வாழும் நமக்கு இது புரியாதா? தண்ணீரை மதகில் நிறுத்தலாம், தெருவில் நிறுத்த முடியுமா? 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையே பார்த்ததே!

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே பஞ்சும் துணியும் வைத்த முகக்கவசத்தை வலியுறுத்தினார். அதை மதிக்காமல் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி சில நாட்களிலேயே அந்த நோயால் இறந்தார்.

அந்த நாட்களில் அப்பா வந்த பஸ்ஸில் கண்டக்டர், "மாஸ்க்கை மேல ஏத்துங்க பெரியவரே" என்றாராம். "நீ மட்டும் இறக்கி வுட்டுக்கினு இருக்கியே?" என்று கேட்டார் பெரியவர். "விசிலைக் காதாலயா ஊதுறது?" என்றாராம் கண்டக்டர். பஸ்ஸே சிரித்ததாம்.

எனக்கு அது சிரிப்பாக மட்டும் படவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டும். கூட்டத்தில் நுழைந்து எல்லோரிடமும் காசு வாங்கியே ஆகவேண்டும். அவரைக் காப்பது அவருடைய மாஸ்க் அல்ல, நம்முடைய மாஸ்க்தான்! காய்ச்சல் தெரியும் முன்பே கிருமியைப் பரப்புகிறவர் யாரென்று யாருக்குத் தெரியும்?

2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. இன்று கேட்பாரில்லை, அபராதமும் இல்லை. ஆனால் காற்றில் பரவும் காசநோய் போய்விட்டதா? ஃப்ளூ போய்விட்டதா?

நண்பர்களே! இருமல் இருக்கும் நாளில் நாமாகவே மாஸ்க் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவோம். போட்டு வருகிறவனை, "என்னடா, ஆபரேஷன் தியேட்டருக்கா?" என்று கிண்டல் செய்யாதிருப்போம். சட்டம் சொன்னால் செய்வது பயம். சொல்லாமலே செய்வதுதான் படிப்பு!