முக்கால் கிலோ உயிருக்கு ஆட்டு மருந்தா?

திருப்பூர் மண்ணரையில் ஓர் ஓட்டு வீடு. வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டுக்கார அம்மா பின்பக்கம் நாலு வெள்ளாடு வளர்க்கிறார். ஏழாவது படிக்கும் மகளுக்கு உயிர், ஒரு கினிப்பன்றி. பேர்தான் பன்றி, எலி, அணில் போலக் கொறிக்கிற ஜாதி.

துணைக்கென்று இன்னொன்றை வாங்கி அதே கூண்டில் விட்டார்கள். மாதம் ஒன்று போவதற்குள் பழையது ராத்திரி பகலாகச் சொறிந்தது. முதுகில் முடி கொட்டி, தோல் தடித்து, செதில் செதிலாக உதிர்ந்தது. ஒருநாள் சாயங்காலம் மகள் தூக்கியதும் கைகால் இழுத்துக்கொண்டது.

"செத்துப்போயிருமாம்மா?"

"ஆட்டுக்குச் சொறின்னா இதைத்தானே போடறோம் கண்ணு" என்று அம்மா ஐவர்மெக்டின் பாட்டிலை எடுத்து, அரை மில்லி ஊசியில் ஏற்றியும் விட்டார். "காலையில டாக்டருகிட்டக் கேட்டுக்கலாம், இரு" என்று நிறுத்தியவர் வீட்டுக்காரர்தான்.

காலையில் கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோலுக்குள் துளைத்துப் போகும் சொறிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. அரிப்பு தாங்காமல்தான் அந்த இழுப்பு வந்தது. இதற்கும் மருந்து ஐவர்மெக்டின்தான். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து. அதற்காக 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

தப்பு மருந்தில் இல்லை, அளவில். 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லி சரி. அதே கணக்கில் 750 கிராம் கினிப்பன்றிக்கு 0.015 மில்லிதான், ஒரு சொட்டுகூட வராது. அந்த அம்மா ஏற்றியது முப்பது மடங்குக்கும் மேல்! நரம்பைத் தாக்கி ஆளையே சாய்த்துவிடும். கண் அளவில் போடுகிற வேலை இல்லை இது. மருத்துவர் எடை பார்த்துத்தான் போட்டார். பெனிசிலின், அமாக்சிசிலின் மாதிரி மருந்துகளும் இந்தப் பிராணிக்கு ஆபத்து. ஆட்டுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று கொடுத்துவிடக் கூடாது.

முட்டையை இந்த மருந்து கொல்லாது. பொரித்து வருவதைப் பிடிக்க, பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும். சொறி தெரியாவிட்டாலும் கூடவே இருந்த புதுசுக்கும் ஊசி உண்டு. கூண்டில் விரித்திருந்த பனியன் வேஸ்ட் துணியை எரித்து, கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள்.

கன்னிவாடிச் சந்தையில் வாங்கிய ஆட்டை இரண்டு வாரம் தனியாகக் கட்டிப் பார்ப்பவர்தான் அந்த அம்மா. கினிப்பன்றிக்கு அது தோன்றவில்லை.

மனுஷனைப் போலவே இதற்கும் உடம்பில் வைட்டமின் சி ஊறாது. அதனால் தினமும் ஒரு துண்டு கொய்யா, கொஞ்சம் கொத்தமல்லித் தழை. மூன்றாவது ஊசிக்குப் போனபோது முதுகில் பூனைமுடி போல முளைத்திருந்தது. ஆட்டு மருந்துப் பாட்டில் இப்போது மகள் கைக்கு எட்டாத பரண்மேல் இருக்கிறது.