மனவரைபடம்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வாழும் ஆசிரியன் நான். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் இல்லத்துள் புகுந்தது. 20 ஆண்டுகளாக நான் எழுதிச் சேர்த்த பாடக் குறிப்பேடுகள் யாவும் சேறாயின.

மனம் நொந்திருந்த எனக்கு, இணையத்தில் மனவரைபடம் வரையும் முறையைப் பழைய மாணவி ஒருத்தி கற்பித்தாள். நடுவில் தலைப்பை இட்டு, கருத்துகளைக் கிளைகளாகப் பிரிக்கும் இம்முறையை 1974-இல் தொலைக்காட்சி வழியே பரப்பியவர் டோனி புசான் என்னும் ஆங்கிலேயர். இனி வெள்ளம் என் குறிப்புகளைத் தொடாது. மின்சாரம் நின்றால் எனக்கும் அவை எட்டா என்பது வேறு!

நடுவில் ‘அடையாறு’ என எழுதினேன். மாணவர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே கிளைகளைச் சேர்த்தனர். ஒருவன் ஆதனூர் ஏரியைக் குறித்தான். அதன் உபரிநீர் ஆறாகி வரும் வழியை ஒரு மாணவி கோடிட்டு, முடிச்சூரோடு இணைத்தாள். என் பழைய ஏட்டில் ஏரி ஒரு பாடம். ஆறு வேறொரு பாடம். இரண்டையும் இணைத்து நான் ஒரு நாளும் கற்பித்ததில்லை.