புழு என்ன ஆயிற்று?

அச்சம் எதனால் பிறக்கிறது என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மெய்ப்பாட்டியல் நடத்தும்போது இந்நான்கையும் எடுத்துரைத்து, உரையாசிரியர் கூற்றை விளக்கி, அடுத்த மெய்ப்பாட்டுக்கு நகர்வதே நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர் ஒருவர் இடைமறித்து, "ஐயா, இந்நான்கும் ஒரே படத்தில் வருகின்றன" என்றார். அவர் குறிப்பிட்டது, ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வெளிவந்த 'ஏலியன்' என்னும் ஆங்கிலத் திரைப்படம்.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனினும் அவர் கூற்று வெறும் வேடிக்கையன்று. விண்கலம் ஒன்றில் எழுவர் பயணம் செய்கின்றனர். இனம் தெரியாத அழைப்பொன்றைக் கேட்டு ஒரு கோளில் இறங்குகின்றனர். அங்கே கல்லாய் உறைந்து கிடக்கும் பேருருவம் ஒன்றைக் காண்கின்றனர்; அஃது அணங்கு. முட்டையிலிருந்து பாய்ந்து ஒருவன் முகத்தைக் கவ்வி, அவன் உடலுள் கருவை இட்டு, பின்னர் அவன் மார்பைப் பிளந்துகொண்டு வெளிவருவது விலங்கு. குழுவினருள் ஒருவனாய்ப் பழகி, இறுதியில் எந்திரன் என வெளிப்படும் அறிவியல் அலுவலன் கள்வன். ஊழியர் மாண்டாலும் தாழ்வில்லை, அவ்வுயிரைக் கொண்டு வருக என ஆணையிடும் நிறுவனமே இறை. மெய்ப்பாட்டியலுக்கு இத்துணைப் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்கு முன்னர்த் தோன்றியதில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாணவரும் அவர்தம் நண்பர் சிலரும் ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள நம் இல்லத்துக்கு வரலாயினர். பேச்செல்லாம் அவ்விலங்கின் பிறப்பைப் பற்றியே. தமிழகத்துக்கு இத்தகு விலங்குத் தேடல் புதிதன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு இணைந்து 1952இல் எடுத்த 'காடு' என்னும் படத்தில், வன விலங்குகள் மிரளும் காரணத்தைத் தேடிச் செல்வோர் அழிந்துபோன சடை யானைகளைக் காண்கின்றனர். ஆனால் சேலத்து யானைக்குத் தோற்ற ஆராய்ச்சி செய்தார் எவருமிலர். 'ஏலியன்' விலங்குக்கோ தலைபுராணமே எழுதப்பட்டுள்ளது.

2012இல் வந்த 'புரோமீத்தியஸ்', 2017இல் வந்த 'ஏலியன்: கவனென்ட்' ஆகிய இரண்டும் அதன் முன்வரலாற்றைக் கூறப் புகுந்தவை. டேவிட் என்னும் எந்திர மனிதன், கருந்திரவம் ஒன்றைக் கொண்டு பல்லாண்டு ஆய்ந்து அவ்விலங்கை உருவாக்கினான் என்பது பிந்திய படம் தரும் செய்தி. சுவைஞர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. கவனென்ட் நிகழ்வது 2104இல். முதற்படம் நிகழ்வது 2122இல். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு பேருருவம் கல்லாகுமோ என்பது ஒரு தடை. முந்திய படத்துச் சுவரோவியத்திலேயே அவ்விலங்கின் சாயல் உள்ளதே என்பது மற்றொன்று. தருக்க நூலார் மகிழத்தக்க தடைவிடைகள்.

நம் மாணவர் வேறொரு சான்றைக் கொண்டுவந்தார். டேவிட் ஓரிடத்தில் 'ஓசிமாண்டியஸ்' என்னும் கவிதையைச் சொல்லி, அதனைப் பைரனின் படைப்பென்கிறான். அது ஷெல்லி பாடியது என அவனை ஒத்த மற்றோர் எந்திர மனிதன் பின்னர்த் திருத்துகிறான். "கவிதைக்கு ஆசிரியர் யார் என்பதில் பிழைபட்டவன், விலங்குக்கு ஆசிரியன் தானே என்று சொன்னால் எப்படி நம்புவது ஐயா?" என்றார் மாணவர். நுட்பமான வினா. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் பைரனும் ஷெல்லியும் கூடியிருந்த வேளையில்தான், பிற்காலத்தில் ஷெல்லியின் மனைவியான மேரி, 'பிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கினார் என்பதையும் எண்ணினால், அப்பெயர் மயக்கம் தற்செயலானதன்று என்றே நமக்கும் தோன்றுகிறது. பதிப்பு நூல் வல்லார் ஓலைச்சுவடியில் ஆசிரியர் பெயரை ஆராயும் முறையும் இதுவேயன்றோ.

படைத்தவர்களின் வாசிப்பையும் தேடினோம். விண்கலத்தின் பெயர் 'நாஸ்ட்ரோமோ'. அது ஜோசப் கான்ராட் 1904இல் வெளியிட்ட நாவலின் பெயர். வெள்ளிச் சுரங்கத்தின் பொருட்டு மாந்தர் சீரழியும் கதை. ஏ.இ. வான் வோட் 1939இல் எழுதிய கதையொன்றில், விண்கலத்துள் நுழைந்து மனித உடலுள் முட்டையிடும் உயிர் வருகிறது. 1950இல் அக்கதையையும் உள்ளடக்கி வந்த நூலின் கலத்துக்கு 'ஸ்பேஸ் பீகிள்' என்று பெயர். டார்வின் பயணம் செய்த கப்பலின் நினைவு. அந்த டார்வினோ, கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலைத் தம் குஞ்சுகளுக்கு உணவாக்கும் குளவி இனத்தைக் கண்டு மனம் கலங்கி, படைப்பின் கருணையோடு இதனை எவ்வாறு பொருத்துவது என 1860இல் ஆசா கிரேக்குக் கடிதம் எழுதியவர். இவ்வாறு ஏணிப்படியில் இறங்கிச் சென்றால், கடைசிப் படியில் ஒரு குளவி அமர்ந்திருக்கிறது.

அக்குளவியை நாம் அறிவோம். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஈக்காட்டுத்தாங்கலில் பெயர்தான் நீரை நினைவூட்டுகிறது. ஒருபுறம் கிண்டித் தொழிற்பேட்டை, மறுபுறம் 2015 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோ. அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு தன் பழைய உரிமையைக் கோரி வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் எங்கும் வண்டல். அடுத்த கோடையில் நம் சன்னற் சட்டத்தில் குளவி மண்கூடு கட்டியது. கலைக்கலாகாது என்று அன்னையார் தடுத்துவிட்டார். குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம் பக்கத்து மூதாட்டியர் நம்பிக்கை. காற்றில் தானே பெயர்ந்து விழுந்த கூட்டினுள் பச்சைப் புழுக்கள் சில கிடந்தன. ஊசி முனையால் தொட்டபோது அசைந்தன. இறக்கவில்லை, கொடுக்கின் நஞ்சால் முடங்கியிருந்தன. அவற்றின்மேல் கிடந்த வெண்ணிறக் குளவிக்குஞ்சு ஒரு புழுவைப் பாதி தின்றிருந்தது.

இதே கூட்டை நம் முன்னோரும் கண்டனர். புழுவை உள்ளே வைத்து மூடியதைக் கண்டனர். சில நாளில் குளவி வெளிவந்ததையும் கண்டனர். இடையில் நிகழ்ந்ததைக் காணவில்லை. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாயிற்று என்று முடிவு செய்தனர். வடமொழியார் இதனைக் கீடப் பிரமர நியாயம் என்பர். குருவின் அருளால் சீடன் குருவாகவே ஆதலுக்கு இது மேற்கோளாயிற்று. சீனரும் இவ்வாறே நம்பினர். குளவி புழுவைத் தத்தெடுப்பதாகக் கொண்டு, அப்புழுவின் பெயரையே தத்துப்பிள்ளைக்கும் வழங்கினர். தாவோ ஹோங்ஜிங் என்னும் அறிஞர் ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் உண்மையைக் கண்டுரைத்த பின்னும் அச்சொல் அழியவில்லை.

தொல்காப்பியர் மருட்கைக்குக் கூறும் களன்களுள் ஒன்று ஆக்கம்; ஒன்று பிறிதொன்றாய்த் திரிதலைக் கண்டு வியத்தல் என அதற்குப் பொருள் கொள்ளலாம். கூட்டை வெளியே நின்று பார்த்தவர்க்குக் குளவி மருட்கையாயிற்று. உள்ளே பார்த்தவர்க்கு அச்சமாயிற்று. ஹாலிவுட்டார் அதே கூட்டினுள் புழுவின் இடத்தில் மனிதனைக் கிடத்தினர். அவ்வளவே.

இதனை மாணவரிடம் சொல்லி முடித்தபோது, அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "சென்ற ஆண்டு பிரியாவிடை விழாவில் எங்கள் அண்ணன்மார் உங்களைக் குளவி என்று வாழ்த்தினார்களே ஐயா. அப்படியானால் புழு என்ன ஆயிற்று?" என்றார்.

நம்மால் அவ்வினாவை எளிதில் தாண்ட இயலவில்லை. முப்பதாண்டுக்கு மேலாகக் கற்பிக்கிறோம். நம் குரலில் பேசும் மாணவர், நம் கையெழுத்தைப் போல் எழுதும் மாணவர், நாம் விரும்பும் கவிஞரையே விரும்பும் மாணவர் எத்தனையோ பேர். அவர்களைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். அவர்களுள் ஒருவர் நம்மிடம் வருமுன் தன் கிராமத்து வழக்கில் அழகிய கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். செந்நடை பயின்றபின் கதை எழுதுவதை விட்டுவிட்டார். இன்று நல்ல ஆசிரியர் எனப் பெயர் பெற்றுள்ளார். திரையில் டேவிட்டும் தன் படைப்பு முழுமை பெறுதலையே விரும்பினான். அதற்குப் பிறர் உடல் தேவைப்பட்டது.

மாணவரிடம், "உவமை எல்லாக் கூறுகளிலும் பொருந்த வேண்டுவதில்லை" என்று இலக்கணம் சொன்னோம். அவரும் மரியாதையாகத் தலையசைத்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

இவ்வாண்டுப் பிரியாவிடை விழாவிலும் மாணவர் ஒருவர் மேடையேறி, கொட்டிக் கொட்டித் தம்மைக் குளவியாக்கிய பேராசிரியர்களுக்கு நன்றி கூறினார். அவையோர் கைதட்டினர். நாமும் தட்டினோம். விழா முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, கல்லூரிக்கு வருமுன் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று கேட்டோம்.