சயான் ஆஸ்பத்திரியின் பால் வங்கி

மும்பைத் தமிழருக்குச் சயான் என்றவுடன் நினைவுக்கு வருவது ரயில் நிலையம் அல்ல, ஆஸ்பத்திரியே. லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வழிகேட்டால் டாக்சிக்காரரும் சற்று யோசிப்பார். தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காக வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்களுக்குப் பிரசவம் என்றாலும் விபத்து என்றாலும் முதலில் தெரிந்த வாசல் இதுதான்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 28 வாரத்தில் ஒரு கிலோ எடையோடு பிறக்கும் பிள்ளைக்கு நுரையீரல் முதிர்ந்திராது. சூட்டைக் காக்கும் கொழுப்பும் உடம்பில் இராது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் வருகிறது. ஆகையால், பிரசவத்துக்கு முதலில் குறித்த தேதி நெருங்கும்வரை அப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியே வீடாகிறது. பெற்றவள் சில நாட்களில் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவாள், பிள்ளை ஆகாது.

சொந்த ஊராயிருந்தால் தாயும் மாமியாரும் மாறிமாறி நிற்பார்கள். பிழைக்க வந்த நகரத்தில் கணவன் ஷிப்டுக்குப் போகவேண்டும். மூத்த பிள்ளைக்குச் சோறு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்ப ஆளிராது. அப்பொழுது அக்கறையோடுதான் ஒரு வார்த்தை சொல்லப்படும்: "பிள்ளையை நர்சம்மா பார்த்துக்கொள்கிறார்களே, நீ அங்கே உட்கார்ந்து என்னம்மா செய்யப்போகிறாய்?"

அந்தக் கேள்விக்கு விடை இந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றிலேயே இருக்கிறது. இங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவை நடத்தியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். பவுடர் பாலினாலும் பாட்டிலினாலும் தொற்று பரவிக் குழந்தைகள் மடிவதைக் கண்ட அவர், அவற்றை விலக்கித் தாய்ப்பாலையும் தாய்மாரையும் வார்டுக்குள் கொண்டுவந்தார். 1989 நவம்பரில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி இங்கே தொடங்கப்பட்டது. பெரும் பணமுள்ள தனியார் மருத்துவமனையில் அல்ல, ஏழைகள் வரிசையில் நிற்கும் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் தொடங்கப்பட்டது என்பதை நம்மவர் அறிந்திருப்பது நல்லது.

வங்கி என்றவுடன் பாலை விற்பதாக எண்ணவேண்டாம். தன் பிள்ளைக்குப் போக மிஞ்சிய பாலைத் தாய்மார் மனமுவந்து கொடுக்கிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி முதலியவை இல்லையென்று முன்னதாகவே இரத்தப் பரிசோதனை செய்யப்படும். பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிரச்செய்து, கிருமிச் சோதனை பார்த்து, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் பாதுகாப்பார்கள். பால் சுரக்காத தாயின் பிள்ளைக்கும் தாயை இழந்த பிள்ளைக்கும் அது போகும். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் கொடிய நோய், பவுடர் பால் குடிப்பவற்றைவிடத் தாய்ப்பால் குடிப்பவற்றுக்குக் குறைவாகவே வருகிறது. எனினும் பெற்ற தாயின் பாலே முதலிடம் பெறுகிறது. தானப்பால் அதற்கு அடுத்ததே. ஆகவே தாய் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக் கொடுக்கவேண்டும். முதலில் சில சொட்டுகளே வரும். அதுவும் மூக்கு அல்லது வாய்வழிக் குழாயில் பிள்ளைக்குச் சேரும்.

குழாயை எடுத்தபின், பிள்ளை மார்பில் நன்றாகக் குடிக்கப் பழகும்வரை புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணத்தை இந்தியா முழுவதும் மருத்துவர்கள் 'பாலாடை' என்றே அழைக்கிறார்கள். நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் வைத்திருந்த அதே பாத்திரம்! மராத்தி பேசும் நர்சின் வாயிலும் டில்லி அரசின் ஆங்கிலக் கையேட்டிலும் நம் அடுக்களைச் சொல் வாழ்கிறது.

பாலைப் போலவே தாயின் சூடும் மருந்தாகிறது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தவித்த டாக்டர் எட்கர் ரேய் சனாப்ரியா, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படிப் பிறந்தது. அது ஏழைகளுக்கான மாற்றுவழி மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2021-இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்க நாடுகளின் நான்கு மருத்துவமனைகளும் அதில் பங்குபெற்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டு, பிறந்தவுடனே மார்போடு அணைத்து வைத்தபோது, முதல் 28 நாட்களில் நேர்ந்த மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரைத்தது; நாளொன்றுக்கு 8 மணிமுதல் 24 மணிநேரம்வரை அணைத்திருக்கச் சொல்லுகிறது. தகப்பனும் அணைக்கலாம். சட்டையைக் கழற்ற நம் ஆண்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் இங்கே தேவையில்லை.

இப்படிப்பட்ட தாயைப் பார்க்கச் சபையார் கூட்டமாய்ப் போவது வழக்கம். உள்ளே விடமாட்டார்கள், விடாததே பிள்ளைக்கு நல்லது. ஜெபத்தை வீட்டிலிருந்தே ஏறெடுத்து, ஒரு சகோதரி மூத்த பிள்ளையை அழைத்து வந்து வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் சூடான சோற்றை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பட்டும். "இன்னுமா வீட்டுக்கு அனுப்பவில்லை?" என்று தொலைபேசியில் கேட்கவேண்டாம். நேற்றைவிட இன்று எத்தனை கிராம் கூடியது என்று கேளுங்கள். அதற்குச் சந்தோஷமாய்ப் பதில் வரும்.

இன்னொரு காரியம். இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்னதாகவோ பிறந்த பிள்ளைக்கு, பிறந்து நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்கவேண்டும். மிகச் சிறிய பிள்ளைக்கு இன்னும் முன்னதாகவே வேண்டும். தவறினால் பார்வை போய்விடக்கூடும். டிஸ்சார்ஜ் ஆனபின்னும் இந்தப் பரிசோதனை தொடரும். சீட்டில் எழுதிய தேதியைப் பார்த்து, தகப்பனார் அந்த நாளுக்கு இப்பொழுதே லீவு சொல்லி வைக்கட்டும்.