சேப்பாக்கத்தைத் தாண்டி

2015 ஜூலையில், பதினான்கே நாளில், இந்திய விளையாட்டைத் தொட்ட மூன்று உத்தரவுகள் வந்தன. 14ஆம் தேதி நீதிபதி ஆர்.எம். லோதா குழு, சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் அணிகளின் உரிமை நிறுவனங்களை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. 25ஆம் தேதி டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம், 2013 ஐ.பி.எல். ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கிலிருந்து வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்தை விடுவித்தது. 27ஆம் தேதி ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தொடுத்த வழக்கில், விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வெளியானது. அவரை ஓடவிடாமல் தடுத்த ஹார்மோன் விதியையே அது நிறுத்தி வைத்தது. மயிலாப்பூர் மாட வீதியிலும் பாண்டி பஜாரிலும் அடையாறிலும் வாய் ஓயாமல் பேசப்பட்டது முதல் உத்தரவு ஒன்றுதான். இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு இருந்தது. மூன்றாவதைப் பற்றி அநேகமாக இல்லை. அந்த ஏற்றத்தாழ்வு எனக்கு இன்றும் உறுத்துகிறது. நட்சத்திரத்தின் வழக்கைப் பின்தொடரும் ரசிகரை வெறியர் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சட்டப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர், விசாரணை என்றால் என்ன, வாய்ப்பு கொடுத்துக் கேட்பது என்றால் என்ன, தண்டனைக்கு அளவு உண்டா என்றெல்லாம் யோசிப்பது பெரும்பாலும் தன் அபிமான வீரர் மாட்டிக்கொண்ட பிறகுதான். அது நல்ல பள்ளிக்கூடம். அங்கே கற்றதை நமக்குப் பிடித்த ஒரே ஒருவருக்கு மட்டும் செலவழிக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

சி.எஸ்.கே. வழக்கு தென் சென்னைக்கு வெளியூர் வழக்கு அல்ல. இடைநீக்கம் செய்யப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் தலைமையகமான கோரமண்டல் டவர்ஸ், மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே, சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியமே 1940இல் சென்னையில் பதிவான சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு உட்பட்டது. கோடிக்கணக்கில் புரளும் அந்த அமைப்புக்குச் சட்டத்தின் கண்ணில் நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உருவம்தான். அந்தச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் 6.2.4 என்று ஒரு விதி இருந்தது. வாரியம் நடத்தும் போட்டிகளில் நிர்வாகிகள் யாருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்றது அது. 2008 செப்டம்பரில் அதில் ஒரு சிறு ஒட்டு சேர்ந்தது: ஐ.பி.எல்., சாம்பியன்ஸ் லீக் போன்றவை நீங்கலாக. இந்த ஒட்டு இருந்ததால்தான் வாரியத்தின் தலைமையில் இருப்பவரின் நிறுவனமே அந்த வாரியம் நடத்தும் போட்டியில் ஓர் அணியைச் சொந்தமாக வைத்திருக்க முடிந்தது. 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், எஃப்.எம்.ஐ. கலிஃபுல்லா அமர்வு அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அணியின் ஏலத்தொகையை மனப்பாடமாகச் சொல்லும் எத்தனை ரசிகருக்கு இந்த ஒட்டு தெரியும்? ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு சேப்பாக்கத்துக்கு வந்த கேட்டின் வேர் அங்கேதான் இருந்தது.

அன்றைய ரசிகரின் கேள்வி நியாயமாகவே ஒலித்தது. யாரோ சூதாடினால் எங்கள் டீம் என்ன செய்யும்? களத்தில் வியர்வை சிந்தியவருக்கும், வெயிலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவருக்கும், மைதான வாசலில் மஞ்சள் கொடி விற்றவருக்கும் ஏன் தண்டனை? இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் பதில் இருக்கிறது. அன்றைய வாரியத் தலைவரின் மருமகன் குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியது, உச்ச நீதிமன்றம் அமைத்த முட்கல் குழுவின் விசாரணையில் உறுதியானது; அவர் அணியின் அதிகாரி என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர் வெறும் ஆர்வலர்தான் என்ற வாதம் எடுபடவில்லை. அணியின் அதிகாரி செய்த தவறுக்கு அணியை நடத்தும் நிறுவனம் பொறுப்பு என்பது அந்த நிறுவனமே ஏற்று நுழைந்த விதி. தடையும் நிறுவனத்தின் மீதுதான் விழுந்தது, ஆட்டக்காரர்கள் மீது அல்ல. தோனி புணே அணிக்கும் ரெய்னா குஜராத் லயன்ஸுக்கும் போய் ஆடினார்கள். இழப்பு ரசிகருடையது, மறுக்கவில்லை. 2016, 2017 இரண்டு கோடைகளிலும் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கிடையாது. ஆனால் அந்த இழப்புக்குக் காரணம் தீர்ப்பு எழுதியவர் அல்லர். தடையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள், தடை நீங்கவில்லை. 2018இல் அணி திரும்பியது, மே 27 அன்று கோப்பையையும் வென்றது. கோப்பை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில் 6.2.4 மறந்து போனது. அது நல்லதல்ல.

ஸ்ரீசாந்த் வழக்கு இதைவிட நுணுக்கமானது. ரசிகர் அதிகம் தடுமாறிய இடமும் அதுவே. 2013 மே 9, மொகாலி மைதானம். அவருடைய இரண்டாவது ஓவரில் 14 ரன்களுக்குக் குறையாமல் கொடுப்பதாகப் பேச்சு, இடுப்பில் செருகிய துண்டு அதற்கான சைகை என்பது போலீஸ் தரப்பு. அந்த ஓவரில் போனது 13 ரன். இந்த ஒரு ரன்னை வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதாடின. 2013 செப்டம்பர் 13 அன்று வாரியம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. 2015இல் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தபோது, விடுதலையான பிறகு தடை எதற்கு என்று கேரளத்திலும் இங்கேயும் ரசிகர்கள் கேட்டார்கள். கேட்பதற்கு இனிமையான அந்த வாதம் சட்டப்படி நிற்காது. சிறைக்கு அனுப்ப வேண்டிய அளவு ஆதாரமும், ஓர் அமைப்பு தன் ஆட்டக்காரரை விலக்கி வைக்க வேண்டிய அளவு ஆதாரமும் ஒன்றல்ல. அலுவலகத்தில் பணம் கையாடியதாகச் சொல்லப்பட்டவர் குற்ற வழக்கில் தப்பித்தும் துறை விசாரணையில் வேலை இழப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2017 ஆகஸ்ட்டில் தடையை நீக்கினார். அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2019 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுட்காலத் தடையை ரத்து செய்ததும் பட்டாசு வெடித்தவர்கள், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்ததாகவே நினைத்தார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்ட குற்றத்தில் அது கைவைக்கவில்லை. தண்டனையின் அளவைத்தான் தொட்டது. வாரியத்தின் ஊழல் தடுப்பு விதி ஐந்து ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை இடம் தருகிறது. கூட்டவும் குறைக்கவும் என்னென்ன காரணங்கள் உண்டு என்று எடைபோடாமல் உச்சபட்சத்தை எப்படிக் கொடுக்கலாம் என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. பிறகு வாரியத்தின் குறைதீர் அதிகாரி நீதிபதி டி.கே. ஜெயின் அதை ஏழு ஆண்டாக்கினார். 2020 செப்டம்பரில் தடை முடிந்தபோது ஸ்ரீசாந்துக்கு வயது 37.

அந்தத் தீர்ப்பு ரசிகரின் கொண்டாட்டத்தைவிடப் பெரியது. தப்பு செய்தவருக்கும் அளவான தண்டனை பெறும் உரிமை உண்டு என்கிறது அது. அவர் செய்யவே இல்லை என்று அடித்துச் சொல்ல நம்மிடம் என்ன ஆதாரம்? நாம் பார்த்தது தொலைக்காட்சியில் ஓடிய பந்துவீச்சை. ஆனால் அவரைக் கேட்டார்களா, விசாரித்தவருக்கு அதில் சொந்த ஆதாயம் உண்டா, கொடுத்த தண்டனைக்குக் காரணம் எழுதினார்களா என்று கேட்க எந்த ஆதாரமும் வேண்டாம். கையில் உத்தரவின் நகல் இருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கும் ரசிகரை எந்த வாரியமும் எளிதில் ஒதுக்க முடியாது.

விளையாட்டுச் சங்கத்தின் உள்விவகாரத்தில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை, இப்படியே போனால் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்கும் ரிட் போடுவார்களே என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்டத்துக்குள் நடுவர் சொன்னதே இறுதி, அதில் எனக்கும் ஐயமில்லை. தடை வேறு. நாட்டின் பெயரில் அணி அனுப்ப ஒரே ஓர் அமைப்புக்குத்தான் அதிகாரம் என்றால், அது மூடிய கதவுக்குப் பக்கத்தில் வேறு கதவு கிடையாது. தட்டச்சு வேலை போனவர் அடுத்த அலுவலகத்துக்குப் போகலாம். வாரியம் விலக்கிய பந்து வீச்சாளர் எங்கே போவார்? வாரியம் அரசு அமைப்பு அல்ல என்று 2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவு செய்த உச்ச நீதிமன்றம், அது செய்வது பொதுக் கடமை என்பதால் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்ற வழியை அடைக்கவில்லை. 6.2.4 திருத்தத்தை ரத்து செய்த 2015 தீர்ப்பு அதை உறுதி செய்தது. என் குறை, நீதிமன்றம் நுழைகிறது என்பதல்ல. தாமதமாக நுழைகிறது என்பதே. முன்னாள் இந்தியக் கேப்டன் அசாருதீனுக்கு வாரியம் தடை விதித்தது 2000 டிசம்பரில். அது சட்டப்படி செல்லாது என்று ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் சொன்னது 2012 நவம்பரில். அப்போது அவருக்கு 49 வயது. தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுத் தண்ணீர் தரப் பன்னிரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டால் அதைக் குளியல் என்பதா?

ஆட்ட நாளில் மந்தைவெளியிலும் திருமயிலையிலும் பறக்கும் ரயிலில் மஞ்சள் சட்டைகள் ஏறும். முதுகில் 7 என்ற எண், கழுத்தில் விசில், தகப்பன் தோளில் குழந்தை. கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி தாண்டிச் சேப்பாக்கத்தில் பெட்டியே காலியாகிவிடும். அதே வண்டி மேலும் ஓடிக் கோட்டை, கடற்கரை நிலையங்களில் நிற்கிறது. அங்கிருந்து உயர் நீதிமன்றம் நடக்கும் தூரம். சேப்பாக்கத்தில் இறங்காமல் அதுவரை போகும் ரசிகர் எத்தனை பேர்? அதையும் தாண்டி, கூட்டமே இல்லாத ஒருவருடைய வழக்குக்காகப் போகிறவர்?

தோஹா என்ற ஊர்ப் பெயர் தமிழர்க்கு இரண்டு முறை வலித்திருக்க வேண்டும். 2006 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் அங்கே ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார்; பாலினச் சோதனையில் தோற்றார் என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஏன், எந்த அளவுகோலில் என்று எதிர்வாதம் வைக்க அவருக்கு ஒரு மன்றமும் வாய்க்கவில்லை. எட்டாண்டு கழித்து ஏறக்குறைய அதே சிக்கலில் விழுந்த டூட்டி சந்துக்கு, இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது, வழக்கறிஞர்கள் நின்றார்கள், வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. டூட்டியைத் தடுத்த விதி குறிவைத்த ஹார்மோனால் எவ்வளவு ஆதாயம் கிடைக்கிறது என்பதைச் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் போதிய அறிவியல் ஆதாரத்தோடு காட்டவில்லை என்று மன்றம் சொன்னது. டூட்டி 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். இரண்டு பெண்களுக்கும் உடம்பில் என்ன வித்தியாசமோ, எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம், ஒருவருக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள் என்பதே. 2019 ஏப்ரலில், அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், திருச்சிக்குப் பக்கத்து முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வென்றார். நேரம் 2 நிமிடம் 2.70 விநாடி. நம்முடைய தெருக்களில் பேனர் வைத்தார்கள், கட்சிகள் பரிசுத் தொகை அறிவித்தன. பிறகு ஊக்கமருந்துச் சோதனை, நான்காண்டுத் தடை, தங்கம் போனது. தான் எதையும் உட்கொள்ளவில்லை என்று மறுத்தார். பேனர் வைத்தவர்களில் எத்தனை பேர் அந்த உத்தரவைத் தேடிப் படித்தார்கள்?

ஊக்கமருந்தில் இரக்கம் காட்டினால், மருந்தில்லாமல் நேர்மையாக ஓடி நான்காவதாக வந்த பெண்ணுக்குத் துரோகம் செய்கிறோம் என்ற மறுப்பு எழும். இதுவே வலுவான மறுப்பு. இதை நான் மதிக்கிறேன். உடம்பில் மருந்து இருந்தால், எப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமை ஓடியவர் தலையில்தான் என்ற கடுமையான விதி இல்லாவிட்டால் எவரும் தப்பிவிடுவார்கள். விதி இருக்கட்டும். அந்தச் சுமையைத் தூக்கத் தேவையான மாற்றுப் பரிசோதனைக்கும் வழக்கறிஞருக்கும் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் மன்றத்துக்குமான செலவை, விவசாயக் கூலி வீட்டிலிருந்து வந்தவரால் தாங்க முடியுமா என்று கேட்பது இரக்கம் அல்ல, நியாயம். 2024 ஆகஸ்ட்டில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் நூறு கிராம் கூடுதல் எடையால் பாரிஸ் இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டபோது நாடே விழித்திருந்தது. அதே நடுவர் மன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ஹரீஷ் சால்வே வாதாட வந்தார். தீர்ப்பு வினேஷுக்கு எதிராகத்தான் வந்தது. ஆனாலும் அவர் தரப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள். கோமதி குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. அதைச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வினேஷுக்குக் கிடைத்த அளவு கேட்பு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன். அதைக் கேட்கும் குரல் அரசிடமிருந்தோ சம்மேளனத்திடமிருந்தோ தானாக வராது. வழக்கைப் பின்தொடரப் பழகிய ரசிகரிடமிருந்துதான் வர முடியும். 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புணேக்கு மாறியபோது ஒரு முழு ரயிலில் மஞ்சள் உடையோடு கிளம்பிப் போன ஊர் இது. நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த தடை உத்தரவு வரும்போது, அது ரசிகர் மன்றம் உள்ளவருக்கோ ஊரே அறியாத ஓட்டக்காரிக்கோ, அதை முழுதாக ஒருமுறை படித்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. சாந்தி சௌந்தரராஜன் 2006இல் வென்ற வெள்ளிப் பதக்கம் இன்னும் அவரிடம் திரும்பி வரவில்லை.