மாமாவின் வகிடு

அத்தை மகள் கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கோவில்பட்டியில் இருந்து அத்தை போன் செய்தார்கள். "ஏல, நீ கம்ப்யூட்டர்ல போட்டோவெல்லாம் வெட்டி ஒட்டுவியாம்லா? மாமாவையும் எங்ககூட நிக்க வச்சுத் தாயேன்."

மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. "அதுக்கென்ன அத்தை, ஒரு மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு! கல்லூரி விழா போஸ்டரில் நண்பர்களின் தலையை ஹீரோக்களின் உடம்பில் ஒட்டிய அனுபவம் அப்படிப் பேச வைத்தது. கடைசியில் பத்து நாள் ஆனது.

மாமா பளிச்சென்று தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1996இல் குற்றாலத்தில் எடுத்தது. ஈரத் தலையைச் சீவிக்கொண்டு, பாறை முன்னால் நிற்கிறார். அவர் தோளில் ஒரு கை கிடக்கிறது. அது என் அப்பாவின் கை. அப்பா படத்துக்கு வெளியே நிற்கிறார், கை மட்டும் உள்ளே.

முதல் நாள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்த படத்தில் அழிப்பானை எடுத்துப் பாறையை அழித்துக்கொண்டே வந்தேன். இரவு இரண்டு மணிக்கு அப்படியே அந்த ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் மாமாவுக்கு இடது காதில் பாதி இல்லை. வேறு பிரதியும் கிடையாது. மறுபடி கோவில்பட்டிக்கு பஸ் ஏறி, ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போயிருந்த படத்தை மெதுவாக உரித்து, மறுபடி ஸ்கேன் செய்தேன். அத்தையிடம் காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மாஸ்க்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். (கொரோனா மாஸ்க் இல்லை!) விஷயம் எளிமையானது. படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கருப்பு வெள்ளைப் படம் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளை பூசிய இடத்தில் ஆள் தெரிவார், கருப்பு பூசிய இடத்தில் மறைவார். எதுவும் அழிவதில்லை. தப்பாகக் கருப்பு பூசிவிட்டால் வெள்ளையை எடுத்துத் திரும்பப் பூசினால் போதும், காது வந்துவிடும். நடுவில் சாம்பல் நிறங்களும் உண்டு. சாதாரண 8 பிட் படத்தில் கருப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். தலைமுடி ஓரத்துக்கு உயிர் கொடுப்பது இந்தச் சாம்பல்தான். அங்கே நேர்க்கோடாக வெட்டினால் ஆள் தேர்தல் கட்அவுட் மாதிரி நிற்பார். நான் கிம்ப்பில் செய்தேன், இலவசம் என்பதால். ஃபோட்டோஷாப்பிலும் தத்துவம் இதேதான். சேமிக்கும்போது மட்டும் ஜேபெக்கில் சேமித்தால் அடுக்கும் போய்விடும், மாஸ்க்கும் போய்விடும். கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"போன்லயே விரலை அழுத்திப் புடிச்சா ஆள் தனியா வந்துருமே" என்றான் அறைத்தோழன். உண்மைதான், 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ஐபோனில் அந்த வசதி இருக்கிறது. அவன் போனில் செய்தும் பார்த்தோம். மாமா வந்தார், தோளில் அப்பாவின் நான்கு விரல்களோடு! முடி ஹெல்மெட் மாதிரி இருந்தது.

ஒட்டு வேலை ஒன்றும் புதிதில்லை. 1858இலேயே ஹென்றி பீச் ராபின்சன் என்ற ஆங்கிலேயர் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். சாகக் கிடக்கும் பெண்ணும் சுற்றிலும் அவள் குடும்பமும். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் இறந்துபோன அப்பாக்களைக் கல்யாணப் படங்களில் நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் சிக்கல் வெளிச்சம். மண்டபத்தில் வீடியோ லைட் இடப்பக்கமிருந்து அடிக்கிறது. குற்றாலத்தில் வெயில் வலப்பக்கம். சுலப வழி என்று மாமாவை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. அத்தையின் தோள் வருகிற இடத்தில் மாஸ்க்கில் கருப்பு பூசியதும், மாமா அத்தைக்குப் பின்னால் நின்றுவிட்டார். அப்பாவின் விரல்களைக் கருப்பால் மறைத்து, அந்த இடத்துக்குக் கீழே அதே சட்டைத் துணியைப் பிரதி எடுத்து வைத்தேன். பெருமையோடு அனுப்பினேன்.

அத்தையிடமிருந்து ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு போன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ மாதிரி இருக்காகளே... அவுக இந்தப் பக்கம் வகிடு எடுக்க மாட்டாகல்லா."

சுருக்கென்றது. சட்டைப்பை கூட வலப்பக்கம் போயிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. இத்தனை நாள் முடியை ஒவ்வொன்றாகப் பார்த்தேனே தவிர, மனுசரைப் பார்க்கவில்லை.

மறுபடி நேராகத் திருப்பினேன். மாமாவை இரண்டு பிரதி எடுத்தேன். கீழே இருந்ததை இருட்டாக்கி, மேலே இருந்ததை வெளிச்சமாக்கி, மேல் பிரதியின் மாஸ்க்கில் இடமிருந்து வலமாக வெள்ளையைக் கருப்பாகக் கரையவிட்டேன். முகத்தின் இடப்பக்கம் வெளிச்சம் வந்தது. மூக்கின் நிழல் மட்டும் இன்னும் குற்றாலத்து வெயிலைத்தான் காட்டுகிறது. உற்றுப் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் அவர் முகத்தில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது முறை அனுப்பியபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை ரூபாய்க்கு ஃபிரேம் போடலாம் என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என் கை எங்கடா?" என்றார். மாஸ்க்கை அணைத்தேன். மண்டபத்துப் பூ அலங்காரத்தை மூடிக்கொண்டு குற்றாலத்துப் பாறை வந்தது, மாமாவின் தோளில் அந்தக் கையும் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"சரி, மூடிரு" என்றார்.